பனிச்சிறுத்தையைப் படமெடுக்க: சென்னையிலிருந்து கிப்பர் வரை படிப்படியான வழிகாட்டி

பனிச்சிறுத்தையைப் படமெடுக்க வேண்டும் என்று சென்னையிலிருந்து கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் லென்ஸில்தான் ஆரம்பிக்கிறார்கள். 600 மிமீ போதுமா, எங்கே வாடகைக்குக் கிடைக்கும், நாள் வாடகை என்ன என்று மாதக்கணக்கில் விசாரிப்பார்கள். கடைசி வாரத்தில் ஸ்வெட்டர் வாங்கி, அவசர அவசரமாக மேலேறி, கிப்பருக்கு முந்தைய ஊரான காஸாவில் உயரம் தாங்காமல் தலைவலியோடு படுத்துவிடுவார்கள். லென்ஸ் பையைவிட்டு வெளியே வராது.

வேலை நடக்க வேண்டிய வரிசை வேறு. தேதி, உள்ளூர் ஆட்கள், உடம்பு, பயிற்சி, அதற்கப்புறம்தான் லென்ஸ். இமாச்சலப் பிரதேசத்தின் ஸ்பிட்டிப் பள்ளத்தாக்கில் உள்ள கிப்பர் கிராமத்தை மனதில் வைத்து இதை எழுதுகிறேன்.

1. தேதியைத் தாராளமாகக் குறியுங்கள்

ஜனவரி நடுவிலிருந்து மார்ச் நடு வரை நல்ல காலம். உயரத்தில் பனி மூடிவிடுவதால் பரல் ஆடுகளும் ஐபெக்ஸ் ஆடுகளும் கீழே இறங்கி வரும். அவற்றைத் தொடர்ந்து சிறுத்தையும் இறங்கும். இணை தேடும் பருவமும் இதுதான். கோடையில் போனால் பாதை சுகமாக இருக்கும், ஆனால் விலங்கு எங்கோ உச்சியில் இருக்கும்.

குறைந்தது பதினைந்து நாள் ஒதுக்குங்கள். ஏறுவதற்கு ஆறு, கிப்பரில் ஆறு, இறங்க மூன்று. இதற்கு மேல் இரண்டு நாள் கையிருப்பு வேண்டும். பனிச்சரிவோ பாறைச்சரிவோ விழுந்தால் சாலை நாள்கணக்கில் அடைபடும். பொங்கல் விடுமுறையோடு நாலு நாள் சேர்த்துப் போய்வரலாம் என்று கணக்குப் போடுகிறவர்கள், உடம்பு பழகும் நாட்களைத்தான் வெட்டுகிறார்கள். அது மட்டும் கூடாது.

லடாக் போகலாமே என்று கேட்பார்கள். 2024 ஜனவரியில் வெளியான கணக்கெடுப்பில் இந்தியாவின் 718 பனிச்சிறுத்தைகளில் 477 லடாக்கில்தான் இருந்தன, வாஸ்தவம். ஆனால் விமானத்தில் அங்குள்ள லே நகருக்குப் போய் இறங்கினால் கடல்மட்டத்திலிருந்து ஒரே நாளில் சுமார் 3,500 மீட்டர். ஸ்பிட்டிக்குச் சாலைவழியாகப் படிப்படியாக ஏறலாம். சென்னைவாசியின் உடம்புக்கு முதல் தடவை அதுதான் நல்லது.

2. உள்ளூர் ஆட்களை முதலிலேயே பேசி வையுங்கள்

கிப்பரில் விலங்கைக் கண்டுபிடிப்பது நீங்கள் அல்ல, அங்கே பிறந்து வளர்ந்த டிராக்கர்கள். எந்த முகட்டில் நேற்று தடம் இருந்தது, எந்தப் பள்ளத்தில் ஆடுகள் மேய்கின்றன என்பது அவர்களுக்குத்தான் தெரியும். பனிக்காலத்தில் ஹோம்ஸ்டேக்களும் கொஞ்சம்தான், நல்ல டிராக்கர்களும் கொஞ்சம்தான். எனவே விமான டிக்கெட்டுக்கு முன்பே இவர்களைப் பேசிவிடுங்கள்.

பேசும்போது மூன்று விஷயங்களைத் தெளிவாகக் கேளுங்கள். எத்தனை பேர் தேடப் போவார்கள், ஸ்பாட்டிங் ஸ்கோப் (தூரத்தில் தேட உதவும் தொலைநோக்கி) அவர்களிடம் இருக்கிறதா, சுமை தூக்க ஆள் கிடைக்குமா. 4,200 மீட்டர் உயரத்தில் ஆறு கிலோ லென்ஸையும் ட்ரைபாடையும் நீங்களே தூக்கிக்கொண்டு நடந்தால், இடத்துக்குப் போய்ச் சேரும்போது கை நடுங்கும்.

கூலியில் பேரம் பேச வேண்டாம். இந்த விலங்கு இவர்களுடைய கால்நடைகளையும் அடித்துத் தின்கிறது. சிறுத்தை உயிரோடு இருப்பதால் கிராமத்துக்கு வருமானம் வருகிறது என்றால்தான் அது அங்கே நிம்மதியாக இருக்க முடியும்.

இந்தி தெரியாதவர்கள் நான்கைந்து சொற்களைக் கற்றுக்கொண்டு போங்கள்: ஊப்பர் (மேலே), நீச்சே (கீழே), தாயே (வலது), பாயே (இடது), பத்தர் (பாறை). இவை ஏன் தேவை என்பது ஒன்பதாவது படியில் புரியும்.

3. டாக்டரைப் பாருங்கள், காலைப் பழக்குங்கள்

கிப்பரில் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்ஸிஜன், மெரினாவில் கிடைப்பதில் ஏறக்குறைய 60 சதவீதம்தான். இரத்த அழுத்தம், இதயம், ஆஸ்துமா பிரச்சினை உள்ளவர்கள் கிளம்புவதற்கு இரண்டு மாதம் முன்பே டாக்டரிடம் போய்விட வேண்டும். உயர நோயைத் தடுக்கும் அசிட்டசோலமைட் மாத்திரை தேவையா என்று அவரிடமே கேளுங்கள். சல்ஃபா மருந்து ஒவ்வாமை இருந்தால் மறக்காமல் சொல்லுங்கள்.

நடைக்குப் பரங்கிமலைப் படிகளே போதும். கேமரா பையை முழு எடையோடு மாட்டிக்கொண்டு வாரத்தில் மூன்று நாள் ஏறி இறங்குங்கள். அடுக்குமாடிக் குடியிருப்பில் இருந்தால் லிஃப்ட்டை மறந்துவிடலாம். ஆனால் ஒன்று: உடல்வலு இருப்பதால் உயர நோய் வராது என்று நினைக்கக் கூடாது. மாரத்தான் ஓடுகிறவர்களுக்கும் வரும். ஜிம் போகும் இளைஞர்கள்தான் தெம்பாக இருக்கிறது என்று முதல் நாளே வேகமாக நடந்து மாட்டிக்கொள்கிறார்கள்.

4. பயிற்சியைச் சென்னையிலேயே முடியுங்கள்

இந்தப் படியைத் தாண்டிக் குதிப்பவர்கள்தான் அதிகம். அங்கே சிறுத்தை கண்ணில் படுவது சில நிமிடங்களாக இருக்கலாம். அந்த நேரத்தில் மெனுவைத் தேடிக்கொண்டிருக்க முடியாது. அங்கே வரப்போகும் ஒவ்வொரு சிக்கலுக்கும் சென்னைப் பக்கத்திலேயே ஒரு பயிற்சிக்களம் இருக்கிறது.

பனியின் வெண்மைக்கு மரக்காணம் உப்பளம். கேமராவில் ஒளியை அளக்கும் மீட்டர் எதைப் பார்த்தாலும் சராசரிச் சாம்பல் நிறமாக்கப் பார்க்கும். உப்புக் குவியலைக் கேமராவின் ஆட்டோ முறையில் படமெடுத்துப் பாருங்கள், அழுக்குச் சாம்பலாக வரும். எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) +1 முதல் +1.7 வரை ஏற்றி, ஹிஸ்டோகிராம் (வெளிச்சத்தின் பரவலைக் காட்டும் வரைபடம்) வலது ஓரத்தை முட்டாமல் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். உப்பில் சரியாக வந்துவிட்டால் பனியிலும் வரும்.

மேனுவல் முறைக்குப் பள்ளிக்கரணை. ரேடியல் சாலை ஓரத்திலிருந்தே எடுக்கலாம். வெண்கொக்கு ஒன்று கறுத்த தண்ணீர்மேல் பறந்து அப்படியே வானத்துக்கு ஏறும்போது, ஆட்டோவில் எக்ஸ்போஷர் தாவும். கொக்கின் மேல் விழும் வெயில் என்னவோ மாறவே இல்லை. வெளிச்சத்தைத் தீர்மானிக்கும் ஷட்டர், அப்பர்ச்சர், ஐஎஸ்ஓ மூன்றையும் பூட்டிவிட்டு எடுத்தால் எல்லாப் படமும் ஒரே மாதிரி வரும். சிறுத்தை பனியிலிருந்து பாறைக்கும் பாறையிலிருந்து பனிக்கும் நடக்கும்போது இதேதான் நடக்கும்.

பாறையில் பாறை நிற விலங்கைத் தேட நன்மங்கலம். அங்கே பழைய கல்குவாரியின் பாறை இடுக்குகளில் கொம்பன் ஆந்தைகள் இருக்கின்றன. வனத்துறை அனுமதியோடு போய், குவாரியின் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து பைனாகுலரால் தேடுங்கள். முதல் அரைமணி நேரம் வெறும் கல்தான் தெரியும். அப்புறம் கல்லில் ஒன்று கண் சிமிட்டும். கூட்டுக்குக் கிட்டப் போகக் கூடாது. தேடும் பொறுமைதான் இங்கே பாடம், ஆந்தைப் படம் இல்லை.

கானல் அலைக்குப் பழவேற்காடு. நடுப்பகலில் தூரத்துப் பூநாரையை எடுத்துப் பாருங்கள். எவ்வளவு விலை உயர்ந்த லென்ஸாக இருந்தாலும் படம் தண்ணீருக்கடியில் இருப்பது போல நெளியும். பனிமேல் வெயில் ஏறிய பிறகும் இதே நெளிவு உண்டு. ஃபோகஸ் தவறிவிட்டது என்று லென்ஸைத் திட்டாமல் இருக்க, இதை ஒரு முறை நேரில் பார்த்துவிட வேண்டும்.

கடைசியாக வீட்டில்: தடித்த கையுறை போட்டுக்கொண்டு, கண்ணை மூடி, பேட்டரியும் கார்டும் மாற்றுங்கள். ஃபோகஸ் புள்ளியை நகர்த்துங்கள். தடவாமல் வரும் வரை செய்யுங்கள். வெறும் விரலால் மைனஸ் 20 டிகிரியில் உலோகத்தைத் தொட்டுக்கொண்டு இதைச் செய்ய முடியாது.

5. இப்போது லென்ஸ்

ஒரு சின்னக் கணக்கு போதும். முழு ஃப்ரேம் (பெரிய சென்சார்) கேமராவில் 600 மிமீ லென்ஸ், 500 மீட்டர் தூரத்தில் 30 மீட்டர் அகலத்தைப் பிடிக்கும். சிறுத்தையின் உடம்பு, வாலை விட்டுவிட்டால், ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் மேல். படத்தின் அகலத்தில் முப்பதில் ஒரு பங்கு. 24 மெகாபிக்ஸல் படத்தில் சுமார் 200 பிக்ஸல். 200 மீட்டரில் நின்றால் பன்னிரண்டில் ஒரு பங்கு.

பெரும்பாலான காட்சிகள் 200 மீட்டரிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள்தான் கிடைக்கும். முகம் நிறைந்த படம் வேண்டும் என்று போகிறவர் ஏமாறுவார். மலை, பனி, அதில் ஒரு சிறுத்தை என்ற படத்துக்கு மனதைத் தயார் செய்துகொண்டால், 150–600 ஜூம் லென்ஸே நன்றாக உழைக்கும். கிராப் சென்சார் (சிறிய சென்சார்) கேமரா இருந்தால் இங்கே அது ஆதாயம்தான், அதே லென்ஸில் விலங்கு பெரிதாகத் தெரியும்.

வாடகைக்கு எடுப்பதானால் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே எடுத்து, உங்கள் கேமராவில் பொருத்திப் பாருங்கள். ஆட்டோஃபோகஸ் கொஞ்சம் முன்பின் விழுகிறதா என்பதைக் கிப்பரில் கண்டுபிடித்து என்ன பயன்? லென்ஸ் வாங்கும் பணத்தில் கொஞ்சத்தை நல்ல ட்ரைபாடுக்கும் 10x42 பைனாகுலருக்கும் ஒதுக்குங்கள். அங்கே நாள் முழுக்கக் கையில் இருக்கப்போவது பைனாகுலர்தான். பேட்டரி நான்கு, கார்டு போதுமான அளவு.

6. துணிமணி

சென்னையில் டெகாத்லான் போன்ற கடைகளிலேயே எல்லாம் கிடைக்கும். உடம்போடு ஒட்டிய தெர்மல், மேலே ஃபிளீஸ், அதற்கு மேல் இறகு அடைத்த தடித்த டவுன் ஜாக்கெட், வெளியே காற்று தடுக்கும் உறை. பருத்தி பனியன் வேண்டாம். வியர்வையைப் பிடித்து வைத்துக்கொள்ளும், நின்றதும் உடம்பு சில்லிட்டுவிடும். ஷூவை ஒரு அளவு பெரிதாக வாங்குங்கள். இரண்டு சாக்ஸ் போட்டுக் கால் இறுகினால் இரத்த ஓட்டம் குறைந்து விரல்தான் முதலில் மரத்துப் போகும். யூவி கண்ணாடி, சன்ஸ்க்ரீன், தெர்மாஸ் ஃபிளாஸ்க் கட்டாயம்.

7. மெதுவாக மேலே

உபரி பேட்டரிகளும் பவர் பேங்க்கும் விமானத்தில் கைப்பையில்தான் வர வேண்டும், செக்-இன் பெட்டியில் போடக் கூடாது. உள்நாட்டு விமானங்களில் கைப்பைக்குப் பொதுவாக ஏழு கிலோதான். கனமான ஜாக்கெட்டை உடம்பில் போட்டுக்கொண்டு, லென்ஸைப் பையில் வையுங்கள்.

மணாலி வழியிலுள்ள குன்ஸும் கணவாய் பனிக்காலத்தில் மூடியிருக்கும். எனவே சண்டிகரில் இறங்கி சிம்லா (சுமார் 2,200 மீட்டர்), கல்பா (2,950), தாபோ (3,280), காஸா (3,650) என்று ஒவ்வோர் இரவு தங்கி ஏறுங்கள். காஸாவில் மட்டும் இரண்டு இரவு. 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு, படுக்கும் இடத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் உயர்த்தாமல் இருப்பது நல்லது. காஸாவிலிருந்து கிப்பருக்கு அதைவிடச் சற்றே அதிகம், அதனால்தான் அந்தக் கூடுதல் இரவு.

தலைவலி, குமட்டல், தூக்கமின்மை வந்தால் அதே உயரத்தில் நின்றுவிடுங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நடை தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ உடனே கீழே இறங்க வேண்டும். ராத்திரியாக இருந்தாலும் சரி. குழுவில் யாராவது தலைவலியை மறைத்தால் அது எல்லாருக்கும் ஆபத்து என்று கிளம்பும்போதே பேசி வையுங்கள்.

8. குளிரில் கேமராவைப் பார்த்துக்கொள்வது

ஏசி காரிலிருந்து ஈசிஆர் கடற்கரையில் இறங்கியதும் லென்ஸ் மூடுபனி படிந்தது போலாகும், எல்லாருக்கும் தெரியும். குளிர்ந்த கண்ணாடியில் ஈரக்காற்று பட்டதும் நீராகிறது. கிப்பரில் இதே சங்கதி தலைகீழாக நடக்கும். வெளியே காற்று வறட்சி. ஹோம்ஸ்டே அறைக்குள் அடுப்பு, கொதிக்கும் கெட்டில், பத்துப் பேரின் மூச்சு. மைனஸ் 20-இலிருந்து கேமராவை நேராக உள்ளே கொண்டுவந்தால் சென்சார் வரை ஈரம் இறங்கும். மறுநாள் வெளியே போனதும் அந்த ஈரம் பனிக்கட்டியாகும்.

எனவே வரிசை இப்படி. வெளியிலேயே பேட்டரியையும் கார்டையும் கழற்றுங்கள். கேமராவை ஜிப் பையில் போட்டுக் காற்றை அழுத்தி வெளியேற்றி மூடுங்கள். பையோடு கேமரா பெட்டிக்குள் வைத்து, அடுப்பு இல்லாத வெளி அறையிலேயே இரவு முழுக்க விட்டுவிடுங்கள். பேட்டரியும் கார்டும் மட்டும் உங்களோடு உள்ளே வரட்டும். தவிர்க்க முடியாமல் கேமராவை உள்ளே கொண்டுவந்தால், இரண்டு மூன்று மணி நேரம் பையைத் திறக்கக் கூடாது. படம் எப்படி வந்திருக்கிறது என்று பார்க்கும் ஆசையில்தான் எல்லாரும் திறக்கிறார்கள். கார்டைக் கழற்றி வைத்திருந்தால் அந்த ஆசைக்கு வழி இருக்கும்.

பேட்டரிகளைப் பகலில் சட்டையின் உள்பையிலும் இரவில் ஸ்லீப்பிங் பைக்குள்ளும் வையுங்கள். தீர்ந்துவிட்டது என்று காட்டும் பேட்டரியை உடம்புச் சூட்டில் வைத்தால் கொஞ்சம் சார்ஜ் திரும்ப வரும். எனவே தூக்கிப் போடாமல் சுழற்சியில் வையுங்கள். மின்சாரம் இருக்கும்போதெல்லாம் சார்ஜ் போடுங்கள், ராத்திரிக்கு என்று தள்ளாதீர்கள்.

சூடான லென்ஸிலும் படம் தெளிவாக வராது. ஹீட்டர் ஓடும் ஜீப்பிலிருந்து இறங்கியதும் எடுத்தால், லென்ஸைச் சுற்றி எழும் வெப்பமே பழவேற்காட்டுக் கானலைப் போலப் படத்தைக் கலைக்கும். அரைமணி நேரமாவது வெளியே ஆறவிடுங்கள். ஜன்னல் கண்ணாடியைத் திறந்து வைத்து எடுப்பதும் இதனால்தான் பலிப்பதில்லை. ட்ரைபாட் கால்களில் சென்னையிலேயே ஃபோம் சுற்றிக்கொண்டு போங்கள். ஃபோகஸ் பார்க்கும்போது வியூஃபைண்டரில் மூச்சு விடாதீர்கள், அங்கேயே உறைந்துவிடும்.

9. தேடுவதும் காத்திருப்பதும்

விடியும் முன்பே உட்கார வேண்டிய இடத்துக்குப் போய்விடுங்கள். சிறுத்தை அதிகாலையிலும் மாலையிலும்தான் பெரும்பாலும் நகரும். பகலில் பாறை நிழலில் படுத்துத் தூங்கும்.

முதலில் முகட்டு விளிம்பு, அப்புறம் குன்றின் அடிவாரம், அப்புறம் ஒவ்வொரு நிழலாகப் பைனாகுலரை நகர்த்துங்கள். சிறுத்தையை விட ஆடுகளைக் கவனியுங்கள். மேய்ந்துகொண்டிருந்த பரல் கூட்டம் முழுக்கத் தலை தூக்கி ஒரே திசையைப் பார்த்தால், அந்தத் திசையில்தான் வேலை இருக்கிறது. காக்கைகளும் கழுகுகளும் ஓரிடத்தில் கூடினால் அங்கே இரை கிடக்கலாம். இரைக்கருகே சிறுத்தை நாள்கணக்கில் இருக்கும்.

டிராக்கர் கண்டுபிடித்துவிட்டார். 'அதோ, அந்தப் பாறை' என்கிறார். எதிரே இருப்பது ஆயிரம் பாறை. புதியவர்கள் தலையை ஆட்டிக்கொண்டே பத்து நிமிடம் வேறொரு பாறையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள், கேட்கக் கூச்சம். இதற்கு ஒரு நல்ல வழி: முழு மலைச்சரிவையும் செல்போனில் ஒரு படம் எடுத்து அவரிடம் நீட்டுங்கள். அவர் திரையில் பெரிதாக்கி விரல் வைப்பார். தெளிவாகத் தெரியும் ஒரு பனித்திட்டு அல்லது கறுப்புப் பாறையிலிருந்து ஊப்பர், நீச்சே, தாயே, பாயே என்று நீங்கள் கேட்டுக்கொண்டே நகரலாம். ஒரு நிமிடத்தில் வேலை முடிந்துவிடும்.

தூங்கும் சிறுத்தையைக் கண்டால் நாலு படம் எடுத்துவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். உங்களுக்கு வேண்டிய படம் அது எழுந்து சோம்பல் முறித்து நடக்கும்போதுதான் கிடைக்கும். அது சாயங்காலம் நாலு மணியாக இருக்கலாம். சூரியன் மேற்கு முகட்டுக்குப் பின்னால் சீக்கிரம் மறைந்துவிடும். எனவே எந்தச் சரிவில் வெளிச்சம் கடைசி வரை இருக்கும் என்று முந்தின நாளே பார்த்து வையுங்கள்.

10. படம் எடுக்கும் நேரம்

மேனுவல் முறை, ரா ஃபைல் (கேமரா சுருக்காத மூலப் படம்). படுத்திருந்தால் ட்ரைபாடில் ஷட்டர் வேகம் 1/250 நொடி போதும், நடந்தால் 1/1000, பாய்ந்தால் 1/2000. ஃபோகஸுக்கு ஒற்றைப் புள்ளி. கண் தேடும் ஆட்டோஃபோகஸ் இவ்வளவு தூரத்தில் பாறைப் புள்ளிகளைப் பார்த்து ஏமாறும். முதல் படம் எடுத்ததும் பெரிதாக்கிப் பாருங்கள். ஒரே ஒருமுறைதான். அதற்கப்புறம் திரையைப் பார்க்காமல் விலங்கைப் பாருங்கள்.

எல்லாரும் ஜூமை முழுக்க நீட்டி வைத்து எடுப்பார்கள். சிறுத்தை அசையாமல் இருக்கும்போது 200 மிமீக்கு இறக்கியும் எடுங்கள். அது வாழும் மலை எவ்வளவு பெரிது என்பதைக் காட்டும் படம் அதில்தான் கிடைக்கும்.

கிட்டப் போகும் எண்ணம் வேண்டவே வேண்டாம். அது தலை தூக்கி உங்களையே பார்த்துக்கொண்டிருந்தால் நீங்கள் ஏற்கெனவே அதிகம் நெருங்கிவிட்டீர்கள். பனிக்காலத்தில் இரையை விட்டு ஓட வைத்தால், அடுத்த வேட்டை வரை அது பட்டினி கிடக்க வேண்டியிருக்கும். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இதை முதல் அட்டவணையில் வைத்திருக்கிறது. விலங்கைப் பிடிப்பதோடு விரட்டுவதும் இரை வைத்து இழுப்பதும்கூட அந்தச் சட்டத்தில் வேட்டை என்ற சொல்லுக்குள் அடங்கும். 'கொஞ்சம் கல்லை உருட்டிவிட்டால் எழுந்துவிடும்' என்று யாராவது சொன்னால், அங்கேயே உறுதியாக மறுத்துவிடுங்கள். கிப்பர் சரணாலயப் பகுதியில் ட்ரோனை எடுக்கவே எடுக்காதீர்கள்.

11. திரும்பிய பிறகு

ஒவ்வோர் இரவும் படங்களை இரண்டு இடத்தில் பதிவு செய்து, ஒன்றைச் சட்டைப்பையிலும் இன்னொன்றைப் பெட்டியிலும் கொண்டுவாருங்கள். வெளியிடுவதற்கு முன் ஜிபிஎஸ் விவரத்தை நீக்குங்கள். விலங்கு இன்னும் இரையோடு அங்கேயே இருக்கும்போது இடம் தெரியும்படி எதையும் போடாதீர்கள். மறுநாளே முப்பது பேர் அந்தச் சரிவில் வந்து நிற்பார்கள். நல்ல படங்களை அச்சிட்டு டிராக்கர்களுக்கும் ஹோம்ஸ்டே வீட்டாருக்கும் அனுப்பிவையுங்கள்.

சென்னை வந்ததும் பையைத் திறந்து எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். பனித்தூசியும் ஈரமும் ஒட்டிய பையோடு இங்கத்திப் புழுக்கத்தில் லென்ஸைப் பூட்டி வைத்தால் சீக்கிரமே பூஞ்சை பிடிக்கும். பையை வெயிலில் காயவையுங்கள். லென்ஸைத் துடைத்து, சிலிகா ஜெல் போட்ட காற்றுப்புகா டப்பாவில் வையுங்கள். வாடகை லென்ஸாக இருந்தால் கடையில் கொடுக்கும்போது கடைக்காரர் எதிரிலேயே டார்ச் அடித்து உள்கண்ணாடியைக் காட்டி, முன்பணத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.